பெரிய ஹால், ஆனால் யாரும் பேசுவதில்லை

20 அடி ஹால், சுவரோரமாகச் சோபாக்கள், வருகிறவர்கள் பத்தே நிமிடத்தில் போனை எடுத்துவிடுகிறார்கள் என்கிறீர்கள். குறை ஆட்களிடம் இல்லை, இடைவெளியில்தான். எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் (பெயரே ஹால்!) 1960களில் வகுத்த கணக்கு இது: பழகியவர்கள் பேசும் தூரம் ஒன்றரை முதல் 4 அடி, 12 அடி வரை அலுவல் பேச்சு. அதற்கு மேல் மேடைப் பேச்சுதான்.

சோபாக்களைச் சுவரிலிருந்து பிரித்து நடுவே இழுங்கள். நேருக்கு நேர் வேண்டாம், ‘ட’ மாதிரி போடுங்கள். முழங்கால் இடிக்கக் கூடாது. ஆனால் ஒருவர் நீட்டும் தம்ளர் எழுந்திருக்காமலே மற்றவர் கைக்கு எட்ட வேண்டும். உச்சி விளக்கு வேண்டாம், தாழ்வாக ஒன்று போதும்.

அப்புறம், ஹாலிலிருந்து படுக்கையறைக் கட்டில் தெரிகிறது என்றீர்களே, கதவின் கீலை மறுபக்கம் மாற்றிப் பாருங்கள். பாதி திறந்திருந்தாலும் கதவே மறைத்துவிடும். திரையைவிட அது மேல்.