இரண்டு மொழி பேசும் உளவியலாளரிடம் போனால் என்ன செய்வார்?

கேள்வி கேட்டவர் கோவைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். "தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஆலோசனை என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் என்ன படித்தவர்கள், உள்ளே போனால் என்ன நடக்கும்?" என்கிறார். நான் பார்க்கிற வேலை அதுதான், அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

நான் படித்தது: உளவியலில் இளங்கலை, முதுகலை, அப்புறம் மருத்துவமனை வார்டுப் பயிற்சியோடு இரண்டு வருட எம்.ஃபில். முடித்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., பதிவு எண் கொடுத்தது. மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்கிறவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் அங்கே போக வேண்டாம். நாங்கள் மாத்திரை எழுதுவதில்லை, அது மனநல மருத்துவரின் வேலை. தூக்கம் அடியோடு போய்விட்டது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று வருகிறவரை நானே அவரிடம் அனுப்புவேன். மாத்திரையும் பேச்சும் சேர்ந்தே நடக்கும்.

நான் சோமனூர்ப் பக்கம் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் படித்தேன், வருகிறவர்களின் கஷ்டமோ பெரும்பாலும் தமிழில் நடந்தது. சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக்காரர்கள் சிலர் வீட்டுச் சண்டையை ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நடுவில் நிறுத்தி, "அப்பா அன்னைக்கு என்ன சொன்னாருங்க? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்பேன். அங்கேதான் குரல் மாறும். ஒரு மொழியில் நடந்ததை அதே மொழியில் கேட்டால் நினைவு எளிதாக வருகிறது என்று ஆய்வுகளிலும் சொல்லியிருக்கிறார்கள். நேர்மாறாகவும் உண்டு. தாம்பத்தியம், குடிப்பழக்கம் மாதிரி தமிழில் வாய்வராத விஷயங்களை ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார்கள். நான் எதையும் கட்டாயப்படுத்துவதில்லை.

ஆனால் நம் பக்கத்தில் பெரும்பாலோர் மனக்கஷ்டம் என்று வருவதே இல்லை. "நெஞ்சு படபடங்குதுங்க, கை மரத்துப் போகுதுங்க" என்றுதான் வருவார்கள். அதற்குள் ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்து, ஒன்றுமில்லை, வாயுத் தொல்லைதான் என்று கேட்டிருப்பார்கள். ஒன்றுமில்லை என்பது தப்பு. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, தலைசுற்றலும் விரல் மரப்பும் அதனால் நிஜமாகவே வருகின்றன. இந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். இதயத்தில் கோளாறில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, என் அறையிலேயே வேகமாக மூச்சு வாங்கச் சொல்லி அதே படபடப்பை வரவழைத்துக் காட்டுவேன். முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! பல்லடத்துக்கு பஸ் ஏறவே பயப்படுகிறவர் என்றால் அப்புறம் சிங்காநல்லூர் வரை, சூலூர் வரை, பல்லடம் வரை என்று படிப்படியாகப் போய்வரச் சொல்வேன். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் தொடங்கி வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றிப் பார்க்கிற சிகிச்சையின் வழியில்தான் நான் முக்கியமாக வேலை செய்கிறேன். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் பேசுவதை விட நடுவில் நீங்கள் வீட்டில் நோட்டில் எழுதிப் பார்ப்பதும் செய்து பார்ப்பதும்தான் அதிகம். அட்வைஸ் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

இங்கே எனக்குப் பெரிய சிரமம் மரியாதைதான். "சரிங்க டாக்டரம்மா" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், ஊருக்குப் போய் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அதனால் "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இதுல எது உங்களுக்கு ஒத்துவராது?" என்று கேட்பேன். முதலில் தயங்குவார்கள், பிறகு கொட்டிவிடுவார்கள்: கூட்டுக் குடும்பத்தில் தனியாக உட்கார்ந்து நோட்டில் எழுத இடமில்லை, மாமியார் என்ன எழுதுகிறாய் என்பார். சரி, போனில் ரெக்கார்ட் பண்ணுங்கள் என்று மாற்றிக்கொள்வோம்.

இன்னொரு சங்கடம், "நீங்க எந்த ஊருங்க, யாரு ஊடுங்க?" என்ற கேள்வி. நான்கு பேச்சுக்குள் சொந்தம் கண்டுபிடித்துவிடும் ஊர் இது. ஊரைச் சொல்வேன், அதற்கு மேல் போக மாட்டேன். சொன்னது வெளியே போகுமோ என்ற பயம்தான் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அதை முதல் நாளே சொல்லிவிடுவேன். உங்கள் அண்ணன் போன் போட்டு "தம்பி என்ன சொன்னானுங்க?" என்றால், நீங்கள் வந்தீர்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்தில் எதிரே வந்தாலும் நானாக வணக்கம் வைக்க மாட்டேன், திமிர் என்று நினைத்துவிடாதீர்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நேரில் போகிறீர்கள் என்றால் சில வாரம் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் சொல்லிவிட்டே வேறு ஆளிடம் மாறலாம். நாங்கள் வருத்தப்பட மாட்டோம். கொஞ்சம் படுவோம், அது எங்கள் பாடு.