சிப்பை இன்னும் எவ்வளவு சிறிதாக்க முடியும்? அதற்குப் பிறகு என்ன?

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு மாலை வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். போன வாரம் ஒரு பிள்ளையும் இதைத்தான் கேட்டாள்: "சேர், சிப்பை 5 நனோமீற்றர், 3 நனோமீற்றர் என்று குறைத்துக்கொண்டே போகிறார்களே, பூச்சியம் வந்தால் என்ன செய்வார்கள்?" (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.)

பூச்சியம் வராது. அந்த எண் இப்போது ஒரு தலைமுறையின் பெயர், அவ்வளவுதான். சிப்பில் இருப்பவை டிரான்சிஸ்டர் என்னும் நுண்ணிய மின் ஆளிகள்; ஒவ்வொன்றையும் திறந்து மூடும் பகுதிக்கு வாயில் (gate) என்று பெயர். 3 நனோமீற்றர் என்று விற்கும் சிப்பிலும் ஒரு டிரான்சிஸ்டரின் வாயிலுக்கும் அடுத்ததன் வாயிலுக்கும் இடைத்தூரம் 40 நனோமீற்றருக்கு மேல் இருக்கிறது.

உண்மையான எல்லையை லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு விளங்கவைப்பது சுலபம். காம்பராவுக்கும் (அறைக்கும்) காம்பராவுக்கும் நடுச்சுவர் மெல்லிசாக இருந்தால் பக்கத்துக் காம்பராப் பேச்செல்லாம் இங்கே கேட்கும். டிரான்சிஸ்டரிலும் அப்படி ஒரு சுவர் உண்டு: வாயிலுக்கும் சிலிக்கனுக்கும் நடுவே இருக்கும் காப்புப் படலம். 2000களின் நடுவில் அது 1.2 நனோமீற்றருக்கு, அதாவது சுமார் ஐந்து அணு கனத்துக்கு, வந்துவிட்டது. அவ்வளவு மெலிந்த சுவரை இலத்திரன்கள் குவாண்டம் இயல்பால் ஊடுருவிப் போய்விடும். சும்மா இருக்கும் சிப்பிலும் மின்சாரம் கசிந்தது. 2007இல் இன்டெல் ஹஃப்னியம் என்ற உலோகம் சேர்ந்த தடித்த படலத்துக்கு மாறியது. பிறகு மின்னோடும் பாதையையே மீன் செட்டை போல நிமிர்த்தி, வாயில் அதை மூன்று பக்கமும் பிடிக்கும்படி செய்தார்கள். 2022இல் சாம்சுங் நாலு பக்கமும் சுற்றிப் பிடிக்கும் வடிவத்தை உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

ஆனால் கசிவைவிடச் சூட்டைத்தான் நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். முன்பெல்லாம் டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறையும். அதனால் வேகத்தைக் கூட்டினாலும் சிப் கொதிக்காது. 2005 அளவில் அந்தச் சலுகை முடிந்தது. மின்னழுத்தத்தை மேலும் குறைத்தால் டிரான்சிஸ்டரைச் சரியாக அணைக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் வேகத்தை விட்டுவிட்டு ஒரே சிப்பில் பல கோர்களை, அதாவது தனித்தனியாகக் கணக்குச் செய்யும் பகுதிகளை, வைக்கத் தொடங்கினார்கள்.

சரி, அடுத்தது என்ன? பெரிய சிப் ஒன்றுக்குப் பதிலாகச் சின்னச் சின்னத் துண்டுகளைச் செய்து ஒட்டுகிறார்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு துண்டு பழுது என்று தெரிந்தால் அதை மட்டும் கழித்துவிடலாம். நினைவகத்தை மாடிமேல் மாடியாக அடுக்குகிறார்கள். குவாண்டம் கணினி சில வகைக் கணக்குகளுக்கு மட்டுமே உதவும், உங்கள் போனில் இருப்பதற்கு அது மாற்றாகாது.

மாடியைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பிள்ளை மறுபடி கை தூக்கினாள்: "அப்போ நடுமாடியின் சூடு எந்த வழியாக வெளியே போகும் சேர்?" சிப் வடிவமைப்பவர்கள் இன்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பது அதற்குத்தான் என்று சொன்னேன்.