போஸ்ட்கிரெஸ் கிளம்பாதபோது எதை அழிக்கக் கூடாது

உபுண்டு சர்வரை ரீபூட் செய்த பிறகு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்ற தரவுத்தள மென்பொருளுடன் இணைய முடியவில்லை, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் நிலையைப் பார்த்தால் 'ஆக்டிவ்' என்று பச்சையில் காட்டுகிறது, நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இருக்காது. 'பர்ஜ்' (அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து அழிப்பது) கொடுத்து நீக்கும்போது கவனம் தவறினால் தரவுக் கோப்புறையும் சேர்ந்து போய்விடும்.

அந்தப் பச்சை நிறத்தை நம்பாதீர்கள். 'ஆக்டிவ்' என்பதற்குப் பக்கத்தில் 'எக்ஸிட்டட்', அதாவது 'ஓடி முடிந்துவிட்டது' என்றும் இருக்கும், பாருங்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற பெயரில் இருக்கும் சர்வீஸ் வெறும் உறைதான். உண்மையான சர்வர், பதிப்பு எண்ணும் 'மெயின்' என்ற சொல்லும் சேர்ந்த வேறொரு பெயரில் ஓடுகிறது. 'பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ்' கட்டளையைக் கொடுங்கள். அதில் 'டவுன்' என்று வந்தால் சர்வர் ஓடவில்லை. சர்வர் தன் செய்திகளைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் அதே வரி சொல்லிவிடும். அந்தக் கோப்பின் கடைசி இருபது வரிகளைப் படிக்கும் முன் எதையும் தொடாதீர்கள்.

நான் இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஒருமுறை நள்ளிரவில் நான் பார்த்துக்கொண்டிருந்த சர்வர் விழுந்தது. லாகில் 'பேனிக்' என்று தொடங்கும் ஒரு வரி. அதன் முடிவில், டிஸ்க்கில் இடமில்லை என்ற செய்தி. எங்கே இடம் போனது என்று தேடினால், தரவுக் கோப்புறைக்குள் 'பிஜி வால்' என்ற கோப்புறையில் ஒவ்வொன்றும் 16 எம்பி அளவில் ஆயிரக்கணக்கான கோப்புகள். பழைய லாக் என்று நினைத்து அழிக்கும் கட்டளையைத் தட்டியும்விட்டேன். எண்டரை அழுத்தும் முன் உடன் இருந்த மூத்த நண்பர் தடுத்தார். அவை சாதாரண லாக் அல்ல. விழுந்த சர்வர் எழும்போது, இன்னும் தரவுக் கோப்புகளில் சேராத மாற்றங்களை அவற்றிலிருந்துதான் மீட்டெடுக்கிறது. அழித்திருந்தால் மொத்தத் தரவும் பாழாகியிருக்கும். இந்தக் கோப்புறையின் பழைய பெயரில் 'லாக்' என்ற சொல் இருந்தது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அதை மாற்றியதற்கு, பலர் என்னைப் போலவே நினைத்து அழித்துவிட்டதும் ஒரு காரணம்.

பிறகு இடத்துக்கு என்ன செய்தோம்? இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கு (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிக்கு) ஒதுக்கி வைக்கும். போஸ்ட்கிரெஸ் ரூட்டாக ஓடுவதில்லை, அதனால் அந்த இடம் அதற்குக் கிடைக்காது. 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையால் ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறைத்தோம். 100 ஜிபி டிஸ்க்கில் ஏறக்குறைய 4 ஜிபி உடனே கிடைத்தது, சர்வரும் எழுந்தது. எழுந்த பிறகுதான் மூல காரணம் தெரிந்தது. எப்போதோ நிறுத்திவிட்ட ரெப்ளிகாவுக்கான (நகல் சர்வருக்கான) ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்றை, அதாவது அது எதுவரை படித்தது என்ற குறிப்பை, யாரும் நீக்கவில்லை. அந்த ரெப்ளிகா திரும்பி வந்து கேட்கும் என்று போஸ்ட்கிரெஸ் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து வைத்திருந்தது. ஸ்லாட்டை நீக்கி ஒரு செக்பாயின்ட் (மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கும் கட்டளை) கொடுத்ததும் கோப்புறை தானாகச் சுருங்கியது. 13ஆம் பதிப்பு முதல் இதற்கு உச்சவரம்பு வைக்க அமைப்பு உண்டு. ஆனால் நீங்களாக வைத்தால்தான், இயல்பாக வரம்பு கிடையாது.

உங்கள் லாகில் இடப் பிரச்சினை இல்லாமல் அனுமதி பற்றிய செய்தி இருந்தால், யாராவது தரவுக் கோப்புறைக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அனுமதியைத் தாராளமாகத் திறந்துவிட்டால் போஸ்ட்கிரெஸ் கிளம்பவே மறுக்கும். உரிமையாளருக்கு மட்டும் அனுமதி தரும் 0700 ஆக இருக்க வேண்டும் (11ஆம் பதிப்பிலிருந்து, குழுவினரும் படிக்கக்கூடிய 0750ம் போதும்), உரிமையாளர் போஸ்ட்கிரெஸ் பயனராக இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் 5432 போர்ட்டை வேறொன்று பிடித்திருந்தால் அதையும் லாக் நேரடியாகவே சொல்லும். ஓடும் சர்வரின் புராசஸ் எண்ணைக் குறித்து வைக்கும் 'போஸ்ட்மாஸ்டர்' பிஐடி கோப்பை மட்டும் அவசரப்பட்டு நீக்காதீர்கள். அதன் முதல் வரியில் உள்ள எண்ணில் எந்த போஸ்ட்கிரெஸ் புராசஸும் ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

எதைச் சரிசெய்யத் தொடங்கும் முன்பும், சர்வர் நின்றிருக்கும் நிலையிலேயே தரவுக் கோப்புறையை முழுதாக வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு அந்த இருபது வரிகளை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.