கிட்டார் ஆம்ப் சாஃப்ட்வேருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு? கேட்டவங்களுக்கு பதில்

இப்போ கொஞ்ச நாளா மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கத்துல கிட்டார் வாசிக்கிற பிள்ளைங்க ஒரே விஷயத்த தான் மாத்தி மாத்தி கேக்குறாங்க, ஆம்ப் சிமுலேட்டர் (நெச ஆம்ப் மாதிரி சத்தம் தர்ற சாஃப்ட்வேர்) போட்டா சிஸ்டம் திணறுது, எந்த கார்டு வாங்கி சொருகினா வேகமாகும்னு. கொயர்ல வாசிக்கிறவங்க, கானமேளாவுக்கு போறவங்க, வீட்டுக்குள்ள மட்டும் வாசிக்கிறவங்க எல்லாரும் கேட்டத சேத்து வச்சு சொல்றேன்.

மார்த்தாண்டம் தம்பி ஒருத்தன்: அண்ணே, என்கிட்ட பழைய நாலாவது ஜெனரேஷன் ஐ5, 8 ஜிபி ரேம். நியூரல் ஆம்ப் மாடலர்ல பஃபர் (சத்தத்த எத்தன சாம்பிளா, அதாவது சின்னத் துண்டா, சேத்து ஒரு தடவைக்கு கணக்கு போடணும்ங்கிற செட்டிங்) 64 வச்சா கரகரன்னு உடையுது. 30,000 ரூபா சேத்து வச்சிருக்கேன், ஆர்டிஎக்ஸ் 4060 போட்டா சரியாகுமா?

பதில்: ஆகாது மக்கா, பைசாவ பத்திரமா வச்சிக்கோ. நியூரல் ஆம்ப் மாடலர், ஆம்ப்ளிட்யூப், கிட்டார் ரிக், டோன்எக்ஸ், நீ வாசிக்கும்போது இதெல்லாம் ஓடுறது சிபியுல, அதாவது பிராசஸர்ல. பேர்ல நியூரல்னு இருக்கறதால கார்டு தான் வேல செய்யும்னு நெறைய பேர் நினைக்கிறாங்க. கார்டுல ஆயிரக்கணக்குல கோர் (கணக்கு போடுற யூனிட்) இருக்கு, ஆர்டிஎக்ஸ் 3060ல மட்டும் 3,584 இருக்கு, ஆனா ஒரே நேரத்துல ஆயிரம் தனித்தனி கணக்கு குடுத்தா தான் அதுக்கு சோலி. கிட்டார் சிக்னல் ஒண்ணே ஒண்ணு, வரிசையா தான் வருது, இப்ப வர்ற சாம்பிள் எப்படி கேக்கணும்ங்கிறது அதுக்கு முன்னாடி வந்ததையும் பாத்து தான் முடிவாகும், அதனால அத ஆயிரம் துண்டாக்கி ஆயிரம் கோருக்கு பங்கு வைக்க முடியாது. போதாததுக்கு ஒவ்வொரு சின்ன பஃபரையும் கார்டுக்கு அனுப்பி திரும்ப வாங்குறதுக்கே நேரம் போகும்.

நீ முதல்ல செய்ய வேண்டியது செலவில்லாத வேல. பஃபர 128 ஆக்கு, செஷன் 48,000 ஹெர்ட்ஸ்ல இருக்கான்னு பாரு, ஏன்னா பெரும்பாலான மாடல் (ஒரு ஆம்போட சத்தத்த கத்து வச்ச ஃபைல்) 48,000ல தான் டிரெய்ன் பண்ணிருக்கும், வேற ரேட்ல வச்சா பிளகின் (இந்த ஆம்ப் சாஃப்ட்வேர் தான்) உக்காந்து மாத்திக்கிட்டே இருக்கும், அதுவும் சிபியு தலைலயே. அப்புறம் ஸ்டாண்டர்ட் மாடலுக்கு பதிலா லைட் இல்லன்னா ஃபெதர்னு போட்டிருக்கிற மாடல எடு, அதுக்கும் கீழ நானோ இருக்கு. பேண்டோட சேந்து வாசிக்கும்போது ஸ்டாண்டர்டுக்கும் லைட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவன எனக்கு காட்டு, அவனுக்கு ஒரு ரசவடையும் கட்டஞ்சாயாவும் நான் வாங்கித் தாறேன்.

இதெல்லாம் செஞ்சும் உடைஞ்சா அந்த பைசாவுக்கு சிபியு, போர்டு, ரேம் மாத்து. ஐ5 12400, ரைசன் 5 5600ஜி மாதிரி ஏதாவது ஒண்ணு தாராளம். ஒண்ணு கவனி, 12400க்கு பின்னாடி எஃப்னு இருந்தாலோ, 5600க்கு பின்னாடி ஜி இல்லன்னாலோ உள்ள டிஸ்ப்ளே கிடையாது, அப்புறம் மானிட்டர் தெரியறதுக்குன்னே தனியா ஒரு கார்டு வாங்கணும். வெல கம்மின்னு கடைக்காரர் எஃப் எடுத்து நீட்டுவாரு, சும்மா தலையாட்டாத.

களியக்காவிளை: டாஸ்க் மேனேஜர்ல சிபியு 15 சதவீதம் தான் காட்டுது, ஆனாலும் சத்தம் உடையுது, எப்படின்னே புரியல.

பதில்: டாஸ்க் மேனேஜர் எல்லா கோரையும் கூட்டி சராசரி போட்டு, ஒரு செகண்டுக்கு எவ்வளவுன்னு காட்டுது. உன் கிட்டார் டிராக்ல நாய்ஸ் கேட், டிரைவ் பெடல், ஆம்ப், கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியோட சத்தம்), டிலே, ரிவர்ப் எல்லாம் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா தான் ஓடும், முன்னாடி இருக்கிறது முடிக்காம பின்னாடி இருக்கிறது தொடங்க முடியாது, அதனால அநேகமா அது மொத்தமும் ஒரே கோர்ல விழும். 48,000ல 128 சாம்பிள்னா 2.67 மில்லிசெகண்ட். அந்த சங்கிலி பூரா அதுக்குள்ள முடிஞ்சாகணும், 2.7 ஆனாலும் டப்புன்னு ஒரு சத்தம். மத்த கோரெல்லாம் சும்மா கெடந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதனால தான் சிபியு வாங்கும்போது எத்தன கோர்னு பாக்குறத விட ஒரு கோர் எவ்வளவு வேகம்னு பாக்கணும்னு சொல்றது.

ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்களுக்கு ஒரு விஷயம், ஏற்கனவே ரெக்கார்ட் பண்ணி வச்ச டிராக்க அது முன்கூட்டியே கணக்கு போட்டு வச்சிக்கும், அதனால அங்க இருபது டிராக் ஓடும். லைவா வாசிக்கிற டிராக்குக்கு அது நடக்காது, நீ அடுத்து எந்த ஃப்ரெட்ட புடிக்கப் போறேன்னு சாஃப்ட்வேருக்கு தெரியாதுல்லா. ஓவர்சாம்பிளிங் (சத்தம் சுத்தமா வர கூடுதல் ரேட்ல கணக்கு போடுறது) 8 மடங்கு வச்சிருந்தா வாசிக்கும்போது குறைச்சிடு, கடைசியா எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஏத்திக்கோ.

பாறசாலை: அண்ணா, என்கிட்ட கேமிங் சிஸ்டமே இருக்கு, புது சிபியு, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. இதுலயும் நிமிஷத்துக்கு ஒரு தடவ டப் டப்னு வருது. கார்டு பத்தலையா?

பதில்: கார்டு பத்தாம இல்ல, கார்டு இருக்கறதாலயே கூட வரலாம். விண்டோஸ்ல ஏதாவது ஒரு டிரைவர் ரொம்ப நேரம் சிபியுவ புடிச்சு வச்சிக்கிட்டா ஆடியோவுக்கு அதோட முறை வந்தும் இடம் கெடைக்காது. அப்படி புடிச்சு வைக்கிறதுல டிஸ்ப்ளே டிரைவரும் வைஃபை டிரைவரும் தான் முக்கியமான ஆளுங்க. லேட்டன்சிமான்னு ஒரு இலவச டூல் இருக்கு, அத பத்து நிமிஷம் ஓட விடு, எந்த டிரைவர் பேரு மேல நிக்குதுன்னு காட்டும். கார்டோட பேரா வந்தா அதோட செட்டிங்ஸ்ல பவர் மேனேஜ்மெண்ட்ட முழு பெர்ஃபார்மன்ஸ்ல வை, கார்டு தூங்கி தூங்கி எந்திரிக்கும்போது தான் பல சமயம் இந்த டப் வரும், அதுக்கும் அடங்கலன்னா டிரைவர சுத்தமா அழிச்சிட்டு திரும்ப போடு. வைஃபையா இருந்தா வாசிக்கிற நேரம் அணைச்சு வை. விண்டோஸ் பவர் பிளானையும் ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆக்கு. கேமுக்காக மூலைல எஃப்பிஎஸ் காட்டுற ஓவர்லே, கலர் கலரா லைட் எரிய வைக்கிற சாஃப்ட்வேர் எல்லாம் மூடு.

கருங்கல்ல இருந்து ஒரு அக்கா: என் மகன் சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கிறான். கிட்டார் சாஃப்ட்வேருக்கு தான் வேணும்னு சொல்லி கேமிங் கார்டு கேக்குறான். உண்மையா தம்பி?

பதில்: அக்கா, இதுக்கு பதில் சொன்னா உங்க மகன் என்ன ரோட்டுல பாத்து மொறைப்பான். கிட்டார் வாசிக்கிறதுக்கு அந்த கார்டு வேண்டாம், அத சொல்லியே ஆகணும். ஆனா கொயர் பாட்ட வீடியோ எடுத்து எடிட் பண்ணி போடுறானா? டாவின்சி ரிசால்வ் மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேர் கார்ட நம்பி தான் ஓடும், அங்க நல்ல வித்தியாசம் தெரியும். அதே மாதிரி ஒரு பாட்டுல இருந்து கிட்டார், டிரம்ஸ், குரல்னு பிரிச்சு எடுக்கிற டெமுக்ஸ் மாதிரி வேலைக்கும் கார்டு இருந்தா சீக்கிரம் முடியும், பிராக்டிஸுக்கு ரொம்ப உதவும். இது ரெண்டும் செய்யுறான்னா வாங்கிக் குடுங்க. இல்லன்னா இந்த வருஷம் ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) வாங்கிக் குடுங்க, அறுப்பின் பண்டிகைக்கு உங்களுக்கே வித்தியாசம் கேக்கும்.

குலசேகரம்: கூட்டாளி ஒருத்தன் கிட்ட வால்வு ஆம்ப் இருக்கு. அத கேப்சர் பண்ணி மாடலாக்கணும். அதுக்கும் கார்டு வேண்டாமா?

பதில்: இந்த ஒரு இடத்துல தான் கார்டுக்கு நெசமான வேல இருக்கு. ஸ்டீவன் அட்கின்சன் எழுதின நியூரல் ஆம்ப் மாடலர் முழுக்க இலவசம். அவங்க தர்ற டெஸ்ட் ஆடியோ சுமார் 3 நிமிஷம் ஓடும், அத இன்டர்ஃபேஸ்ல இருந்து ஆம்புக்குள்ள விட்டு, வெளிய வர்ற சத்தத்த 48,000 ஹெர்ட்ஸ் 24 பிட்ல ரெக்கார்ட் பண்ணணும். அப்புறம் டிரெய்னிங். உள்ள போனது இது, வெளிய வந்தது இதுன்னு ரெண்டையும் திரும்ப திரும்ப காட்டி கத்துக் குடுக்குறது அது. சாதாரணமா 100 சுத்து. இங்க முழு ரெக்கார்டிங்கும் முன்னாடியே கைல இருக்கறதால துண்டு துண்டா ஒரே நேரத்துல கணக்கு போடலாம், கார்டுக்கு புடிச்ச சோறு இது தான். சிபியுல மணிக்கணக்கா இழுக்கறத ஒரு சுமாரான கார்டு நிமிஷக்கணக்குல முடிச்சிடும். டோன்எக்ஸ்ல கேப்சர் பண்றதும் இதே கத தான்.

ஆனா ஒரு ஆம்புக்காக கார்டு வாங்க வேண்டாம், கூகிள் கோலாப்ல பிரவுசர் வழியாவே இலவசமா கார்டு கெடைக்கும், நியூரல் ஆம்ப் மாடலர் டிரெய்னிங்குக்கு ரெடியான நோட்புக்கே இருக்கு. ஃபைல ஏத்தி, பட்டன அழுத்தி, சாயா குடிச்சிட்டு வந்தா மாடல் ரெடி. அவன் ஆம்ப் வச்சிருக்கானே, ஸ்பீக்கரோ லோட் பாக்ஸோ (ஸ்பீக்கருக்கு பதிலா மாட்டுற பெட்டி) மாட்டாம மட்டும் ஆன் பண்ண விட்றாத, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும், அப்புறம் கூட்டாளியும் போயிடுவான்.

இல்ல, நான் நெறைய ஆம்ப், பெடல் எல்லாம் கேப்சர் பண்ணி மாடல் போடுறவன்னா என்விடியா கார்டே வாங்கு, ஏன்னா இந்த டிரெய்னிங் சாஃப்ட்வேர் எல்லாம் என்விடியாவோட குடாங்கிற சாஃப்ட்வேர நம்பி இருக்கு, மத்த கார்டுல அத ஓட வைக்கிறதுக்குள்ள மண்ட காஞ்சிடும். பெரிய கார்டு தேவையே இல்ல, 3060 தாராளம்.

மேல்புறம் ஊர்ல இருந்து ஒருத்தர்: கிரிப்டோ மைனிங்ல ஓடின பழைய கார்டு கம்மி வெலைக்கு வருது, எடுக்கலாமா?

பதில்: 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கிற டிஜிட்டல் காசுக்கான மைனிங் நின்ன பிறகு அந்த கார்டெல்லாம் கொட்டுச்சு, இன்னமும் கை மாறிக்கிட்டு தான் இருக்கு. டிரெய்னிங்குக்குன்னா ஓட்டிப் பாத்து எடுக்கலாம், ஃபேன் ஆடுதா, தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கான்னு பாத்துக்கோ. நம்ம ஊரு ஈரக்காத்துல ரொம்ப நாள் சும்மா கெடந்த கார்டுன்னா பின் பச்சை புடிச்சிருக்கும், அதையும் பாரு. கிட்டார் வாசிக்கன்னா எடுக்காத.

நாகர்கோவில்: இன்டர்ஃபேஸ் இல்ல, சிஸ்டத்தோட மைக் ஜாக்ல கன்வெர்ட்டர் போட்டு சொருகுறேன். அடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சு தான் சத்தம் வருது, டோனும் போர்வை போட்ட மாதிரி இருக்கு.

பதில்: டோனுக்கு காரணம் அந்த மைக் ஜாக், லேட்டுக்கு காரணம் டிரைவரும் பஃபரும். கிட்டார் பிக்கப்புக்கு (கம்பி அதிர்வ சிக்னலாக்குற காயில்) 1 மெகா ஓம் அளவுக்கு இன்புட் ரெசிஸ்டன்ஸ் வேணும், மைக் ஜாக்ல அதுல ரொம்ப சின்ன அளவு தான் இருக்கும், அதனால ட்ரெபிள் எல்லாம் அங்கயே செத்துடும். இன்டர்ஃபேஸ்ல இன்ஸ்ட்ருமெண்ட் பட்டன்னு இருக்கும் பாரு, அது இதுக்கு தான். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி சின்னது ஒண்ணு போதும், அதோட சொந்த ஏசியோ டிரைவர் (லேட்ட குறைக்கிற ஆடியோ டிரைவர்) போட்டுக்கோ.

லேட்டா வர்றத மீட்டர்ல யோசிச்சுப் பாரு. சத்தம் காத்துல ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் எடுக்கும். பஃபர் 512ல வச்சா உள்ள 10.67, வெளிய 10.67, கன்வெர்ட்டர் யூஎஸ்பி நேரம் சேக்காமலே 21 மில்லிசெகண்ட் தாண்டிடும், அதாவது ஆம்ப் உன்கிட்ட இருந்து 7 மீட்டர் தள்ளி ஆல்டர் பக்கத்துல இருக்கு, நீ கொயர் பெஞ்சுல இருக்க. 128ல வச்சா அது 2 மீட்டர் கிட்ட வந்துடும், யாருக்கும் தெரியாது. இன்டர்ஃபேஸ் வாங்குற வரைக்கும் ஏசியோ ஃபார் ஆல்னு ஒரு இலவச டிரைவர் இருக்கு, அத போட்டு சமாளி, லேட் குறையும், போர்வை போகாது.

களியக்காவிளைல இருந்தே இன்னொருத்தர்: சிஸ்டம் பக்கத்துல உக்காந்தா ஙொய்னு ஒரு இரைச்சல், திரும்பி உக்காந்தா குறையுது. சாஃப்ட்வேர் பிரச்சனையா?

பதில்: திரும்பினா குறையுதுன்னா சாஃப்ட்வேர் இல்ல சார், சிங்கிள் காயில் பிக்கப்பு. மானிட்டர், எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு கரண்டு குடுக்கிற பெட்டி), கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் வெளிய விடுற மின்காந்த சத்தத்த அது ஆன்டெனா மாதிரி புடிக்கும். பெரிய கார்டு லோடுல இருந்தா இன்னும் மோசம். ஒரு மீட்டர் தள்ளி உக்காருங்க. வீட்ல மூணு பின் பிளக்ல எர்த் நெசமா வருதான்னு எலக்ட்ரீஷியன விட்டு பாக்க சொல்லுங்க, பல வீட்ல அந்த மூணாவது ஓட்ட அழகுக்கு தான். கரண்டு போய் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓடும்போதும் இந்த இரைச்சல் கூடும்.

நெய்யாற்றின்கரை பக்கம்: சேட்டா, கிராஃபிக்ஸ் கார்டுலயே ஓடுற ஆடியோ பிளகின் வந்துடுச்சுன்னு சொல்றாங்களே?

பதில்: வந்திருக்கு, ஜிபியு ஆடியோன்னு ஒரு கம்பெனியே அத தான் செய்யுது. கன்வல்யூஷன் ரிவர்ப் (ஒரு எடத்தோட எதிரொலிய கணக்கு போட்டு சேக்குறது) மாதிரி துண்டாக்க முடியுற கணக்குக்கு அது பொருந்தும். ஆனா உன் கைல இருக்கிற ஆம்ப் பிளகின் அப்படி எழுதினதில்ல, கார்டு போட்டதால அது தானா அங்க போய் ஓடாது. பிளகின் கம்பெனிக்காரன் எங்க கார்டு வேணும்னு சொல்றானோ அப்போ பாத்துக்கலாம்.

குழித்துறை: டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸுக்கு லேப்டாப்ப எடுத்துட்டு போய் வாசிக்கலாம்னு இருக்கேன், கேமிங் லேப்டாப் வாங்கவா?

பதில்: வேண்டாம், வெயிட்டும் சூடும் ஃபேன் சத்தமும் தான் மிச்சம். கார்டு இல்லாத நல்ல ஐ5, ரைசன் 5 லேப்டாப்பே போதும். பேட்டரில ஓடும்போது சிபியு வேகத்த குறைச்சிக்கும், அதனால சார்ஜர்ல வச்சே வாசி, சார்ஜர் போட்டதும் இரைச்சல் வந்தா அது மறுபடியும் எர்த் பிரச்சனை. பஃபர 256 வை, வீட்ல 64 வச்சு பெருமைப்பட்டுக்கலாம், வேன்ல இருந்து இறங்கி வாசிக்கிற எடத்துல உடையக் கூடாது. விண்டோஸ் அப்டேட்ட ஒரு வாரம் நிறுத்தி வச்சிட்டு போ.