மலையேற்றத்துக்கு 2,000 ரூபாய் கொடுத்துக் கத்தி வாங்குவது வீண் செலவா? சந்தையில் 150 ரூபாய்க்கே கிடைக்கிறதே?

வீண் செலவு இல்லை.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். புதிதாக வேலை கிடைத்திருக்கும். நண்பர்களோடு மலைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கும் ஆசை வந்திருக்கும். ஒரு கத்தியைப் பார்த்து வைத்துவிட்டு, விலையை வீட்டில் வாய்தவறிச் சொல்லியிருப்பீர்கள். "கத்திக்கு இரண்டாயிரமா?" என்று கேட்டது உங்கள் அம்மாவா மனைவியா என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை. என்னிடம் அப்படிக் கேட்டவர் என் நாத்தனார். அதோடு நிற்காமல், "பெண்பிள்ளைக்கு இடுப்பில் கத்தி எதற்கு?" என்றும் கேட்டார். அதைக் கேட்டபோது அவர் உட்கார்ந்திருந்தது அரிவாள்மனையில்.

நான் மலையேறுகிறவள் இல்லை. கண்டனூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய தென்னந்தோப்பு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். சொட்டுநீர்க் குழாயை வெட்டவும், உரமூட்டையின் தையலைப் பிரிக்கவும், கயிறு நறுக்கவும், மத்தியானம் மாங்காயைக் கீறி உப்பு வைத்துத் தின்னவும் நாள் முழுக்கக் கத்தி வேண்டியிருக்கிறது. மட்டை கழிக்கவும் சீமைக்கருவேலை வெட்டவும் அரிவாள்தான் சரி, சின்னக் கத்தி அதற்கு ஆகாது. இதைக் கீழே யாராவது எனக்கு விளக்க வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். திருப்பாச்சேத்தி எங்கள் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அரிவாளைப் பற்றி எங்களுக்குப் பாடம் வேண்டாம்.

சந்தைக் கத்தியில் பெரும்பாலும் மெல்லிய தகடுதான் இருக்கும். பிடிக்குள் அது விரற்கடை அளவுகூடப் போயிருக்காது. கொஞ்சம் அழுத்தி வெட்டினால் பிடி ஆட ஆரம்பிக்கும். பிறகு ஒரு நாள் தகடு ஒரு கையிலும் பிடி ஒரு கையிலும் இருக்கும். நான் வைத்திருப்பது ஸ்வீடனில் மோரா என்ற ஊரில் செய்யும் கத்தி. வாங்கியபோது 2,000 ரூபாய்ச் சொச்சம். அலகு ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர், பிடி வெறும் பிளாஸ்டிக். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. நாத்தனார் ஏமாந்து போனதாக நினைத்ததில் வியப்பில்லை. அந்தக் காசு போயிருப்பது இரும்பைப் பதமாக்கியதில். அதிகம் கடினமாக்கினால் விளிம்பு தெறிக்கும், இளக்கமாக விட்டால் மடங்கும். இரண்டுக்கும் நடுவில், வாங்குகிற ஒவ்வொரு கத்தியிலும் ஒரே மாதிரி நிறுத்த வேண்டும். நம் ஊர்ப் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்யும் அரிவாளைக் கொஞ்சம் இளக்கமாகத்தான் விடுவார்கள், கட்டையில் ஓங்கி வெட்டும்போது தெறிக்கக் கூடாதென்று. அது அதன் வேலைக்குச் சரி.

அதற்கு மேல் விலை ஏற ஏறக் கிடைப்பது குறைந்துகொண்டே போகும். பொடியாக்கிய உருக்கில் செய்த அலகு, டைட்டானியம் பிடி என்று பதினைந்தாயிரம், இருபதாயிரத்துக்கும் கத்திகள் உண்டு. கூர் நெடுநாள் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் லேசில் ஏறாது. வைரத்தூள் பதித்த கல் வேண்டும். தோப்பில் எனக்கு அது சரிப்படாது. ஆசைக்கு வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை, பட்டுப்புடவை கட்டுகிறவள்தான் நானும்.

என் மகன் ஓபினெல் என்ற மடக்குக் கத்தி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். பிரான்சில் சவோய் மலைப் பக்கத்தில் 1890இல் தொடங்கிய கத்தி. விலையும் குறைவு, பீச் (beech) மரப் பிடி பார்க்கவும் அழகு. ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து உப்பிக்கொண்டு, அலகை வெளியே விடமாட்டேன் என்று அடம் பிடிக்கும். பங்குனி வெயிலில் தானாக இளகிவிடும். நீங்கள் மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவராக இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. முன்னோருக்குப் படையல் போடும் எங்கள் படைப்பு வீட்டில் நடந்தது. பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தோம். நான் வாழையிலை நறுக்கிவிட்டு, மோரா கத்தியைத் துடைத்து உறையில் போட்டு மாடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கொழுந்தனார் முறையுள்ள ஒருவர் அதை வைத்து எண்ணெய் டின்னின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முனை போய்விட்டது. ஒரு நெல் அளவுதான். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. உறையில் செருகி மாடத்தில் வைத்தார்.

நான் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். "கத்திதானே ஆச்சி, எவ்வளவு என்று சொல்லுங்கள், இப்போதே அனுப்பிவிடுகிறேன்" என்றார். யாரோ விலையைச் சொல்ல, அங்கேயே நின்று போனில் 2,000 ரூபாய் அனுப்பினார். என் போனும் உடனே மணியடித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிரவே பணத்தைத் திருப்பி அனுப்பினேன். திமிர் என்று பேச்சு வந்தது. இருக்கட்டும்.

பணம் குறைவு என்றா திருப்பினேன்? அந்தக் காசுக்கு அதே கத்தி இன்னொன்று வரும். ஆனால் இந்தக் கத்தியின் விளிம்பைக் கல்லில் வைத்து வைத்து, என் கை எப்படி அழுத்தும், எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஏற்ப நான் ஏற்றி வைத்திருந்தேன். அலகு கருத்து, மாங்காய்ப் பால் பட்ட இடம் ஒரு நிறம், எலுமிச்சை பட்ட இடம் ஒரு நிறம் என்று இருக்கும். கூடவே வந்த பிளாஸ்டிக் உறை பிடிக்காமல், காரைக்குடியில் செருப்புத் தைக்கிறவர் ஒருவரிடம் நின்று தோலுறை தைத்து வாங்கினேன். புதுக் கத்தி வந்தால் இதையெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது அவருக்குப் புரியவில்லை என்பதில் எனக்குக் கோபமில்லை. கேட்காமல் எடுத்ததும், உடைந்ததைச் சொல்லாமல் வைத்ததும்தான் கோபம். முனையை நானே சரிசெய்துகொண்டேன். கூர்ப் பக்கத்தைத் தொடாமல் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து இறக்கினால் புது முனை வந்துவிடும். கத்தி ஒரு நெல் குட்டை, அவ்வளவுதான்.

"இதற்கா இவ்வளவு?" என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளத்தூரில் என் பிறந்த வீடு பங்கானபோது சாமான்களை மொத்தமாகப் பேசிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள ஒரு பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். பீங்கான், எனாமல் தூக்கு, மரப்பெட்டி எல்லாம் போயின. அந்தப் பெட்டி ஒன்றில் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பேனாக்கத்தி இருந்தது. ஷெஃபீல்டில் செய்தது, தந்தப் பிடி. ஐயா அதில் பென்சில் சீவித்தான் கணக்கு எழுதுவார். எங்களைத் தொடவிட மாட்டார். பெண்பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கதவையோ தூணையோ கேட்டிருக்கப் போவதில்லை. பிறகு அதே தெருவில் அதே மாதிரிக் கத்தி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். "ஆச்சி, ரங்கூன் சாமான், அசல்" என்று சொல்லிக் கடைக்காரர் கேட்ட விலைக்கு மோரா கத்தி மூன்று வாங்கலாம். ஐயாவுடையதுதானா என்று உறுதியாகச் சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டார் எடைக்குப் போட்டதைக் கடை எண்ணிக்கைக்கு விற்கிறது; கடையைக் குறை சொல்லி என்ன பயன்? கையெழுத்துப் போட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் இப்போது சுற்றுலா வருகிறவர்களிடம் எங்கள் பாரம்பரியத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

எங்கேயோ போய்விட்டேன். உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

மூவாயிரத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். மடக்காத கத்தியாக, உறையோடு வாங்குங்கள். துருப்பிடிக்கும் கார்பன் இரும்பு என்றால் வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவ வேண்டும்; அந்தப் பொறுமை இல்லையென்றால் எவர்சில்வர் வகையையே வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கத்தி என்றாலே வன்முறை என்று வருகிறவர்களுக்கு: ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் கணக்கில் எடுக்கின்றன, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. அதற்காகத் திருவிழாக் கூட்டத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு நிற்காதீர்கள். பஸ்ஸில் போனால் பைக்குள் அடியில் வையுங்கள், விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது.

இருபுறமும் தேய்க்கக்கூடிய சாணைக்கல் ஒன்றை ஹார்டுவேர் கடையில் கூடவே வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். தெருவில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிக்கிறவரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். தீப்பொறி பறக்கத் தேய்த்தால் சூட்டில் விளிம்பின் பதம் இறங்கிவிடும். நீங்கள் கொடுத்த இரண்டாயிரமும் அந்தப் பதத்துக்காகத்தான்.