ஆக்டிவேட்டட் கார்பன் நிரப்பிய தொட்டிக்குள் இறங்கி வேலை செய்வது ஆபத்தா?

ஆம், உயிருக்கே ஆபத்து.

தேங்காய்ச் சிரட்டை, மரம் போன்றவற்றைக் கரியாக்கி, கடும் வெப்பத்தில் நீராவி செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கினால் கிடைப்பதே ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரையும் தாண்டும். தண்ணீரிலுள்ள நாற்றம் அந்தப் பரப்பில்தான் சிக்குகிறது, குளோரினும் அங்கேதான் வினைபுரிந்து நீங்குகிறது.

சமையலறை வடிகட்டியில் இருக்கும் கைப்பிடிக் கரியால் பயமில்லை. மதுரையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிற்கும் பெரிய வடிகட்டித் தொட்டிகள்தான் என் கவலை. ஈரமான கரி காற்றிலுள்ள ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். மூடிய தொட்டிக்குள் வழக்கமான 21 சதவீதம் வெகுவாகக் குறைந்துவிடலாம். நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது. இறங்கியவர் சட்டென்று மயங்கிவிடுவார், பதறிப்போய் அவரைத் தூக்கக் குதிப்பவரும் அங்கேயே சாய்வார். உசிலம்பட்டிப் பக்கம் நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் யாரும் எடுத்த எடுப்பில் இறங்குவதில்லை. இதுவும் அப்படிப்பட்ட கிணறுதான்.

முடிந்தவரை வெளியிலிருந்தே கரியை எடுங்கள். இறங்கியே ஆகவேண்டுமென்றால் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள். காற்றைச் செலுத்தி, கருவியால் அளந்து, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரையும் இறக்காதீர்கள். மேலே ஒருவர் கண்கொட்டாமல் நிற்கவேண்டும். கரி மூட்டையைப் பிளீச்சிங் பவுடருக்கு அருகில் அடுக்குவதும் தவறு, இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கலாம்.

முகக்கவசம் அணிந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது கரித்தூசியைத் தடுக்குமே தவிர, இல்லாத ஆக்சிஜனைத் தராது.