கோடை மழைக்கு மறுநாள் மீன் ஏன் மிதக்கிறது? ஏரி, குளத்து வெப்பம் பற்றிய வாசகர் கேள்விகள்

சித்திரை பிறந்ததிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த மீன் இன்று ஏன் செத்தது? ஒவ்வொருவரும் ஒரு மருந்துப் பெயரையும் சேர்த்து, அதைப் போடலாமா என்று கேட்கிறீர்கள். மருந்துக்குப் போகும் முன் தண்ணீரின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். அதனால் அந்தக் கேள்விகளை எல்லாம் இங்கே ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஊர்க் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறோம். ஒரு மாதமாக வெயில் கொளுத்தியும் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் சாயங்காலம் நல்ல மழை. விடிந்து பார்த்தால் கரையோரம் பூராவும் மீன் செத்து ஒதுங்கிக் கிடக்கிறது. பெரிய மீன்தான் அதிகம். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். (சிவகங்கை மாவட்டம்)

போலீசுக்குப் போகும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள். விஷம் கலந்திருந்தால் பெரும்பாலும் சின்ன மீன்தான் முதலில் விழும். தவளை, தண்ணீர்ப் பூச்சி எல்லாம் கூடவே சாகும். நீங்கள் அனுப்பிய படத்தில் பெரிய மீன்கள் வாயைப் பிளந்து, செவுள் மூடி விரிந்த நிலையில் கிடக்கின்றன. கெண்டைப் பொடிகள் இன்னும் கரையோரம் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூச்சு முட்டிச் செத்த மீன் இப்படித்தான் இருக்கும்.

கத்திரி வெயில் நேரத்தில் மதியம் கண்மாயில் இறங்கி நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறீர்களா? மார்புக்கு வெதுவெதுப்பாக இருக்கும், பாதத்துக்குச் சில்லென்று இருக்கும். சூடான தண்ணீர் எடை குறைந்தது, மேலேயே நிற்கும். குளிர்ந்த தண்ணீர் கனமானது, கீழே படுத்துக்கொள்ளும். காற்று பலமாக அடிக்காவிட்டால் இந்த இரண்டு அடுக்கும் நாள்கணக்கில் கலப்பதே இல்லை. மேலடுக்குக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கின்றன. கீழடுக்குக்கு இரண்டும் இல்லை. அங்கே தழை, சாணம், மீன் தின்னாமல் விட்ட புண்ணாக்கு எல்லாம் அழுகி, இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுகின்றன. சேற்றில் காலை வைத்தால் குமிழி கிளம்பி அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதே, அதுதான் அடையாளம். மீன்கள் ஒரு மாதமாக மேலடுக்கை வைத்தே பிழைத்திருக்கின்றன.

அப்போது மழை பெய்கிறது. குளிர்ந்த மழைத் தண்ணீர் கனமாக இருப்பதால் கீழே இறங்குகிறது, காற்று வேறு புரட்டிவிடுகிறது. அடியில் கிடந்த உயிரில்லாத தண்ணீர் மேலே வந்து, மேலே இருந்த கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் குடித்துவிடுகிறது. வானம் மூடிக் கிடப்பதால் பாசியும் ஆக்சிஜன் கொடுக்காது. ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஒரு பாட்டிலில் கல் கட்டி, வாயைத் தக்கையால் மூடி, தக்கைக்குத் தனிக் கயிறு போட்டு அடி வரை இறக்குங்கள். தக்கையை இழுத்தால் அடித்தண்ணீர் உள்ளே நிறையும். மேலே தூக்கியதும் தெர்மாமீட்டரை விடுங்கள். மேல்தண்ணீருக்கும் இதற்கும் 3 டிகிரி வித்தியாசம் இருந்தாலே அடுக்கு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி இருந்தால் பகல் 11 மணிக்கு மேல் ஆயில் இன்ஜின் வைத்து அடித்தண்ணீரை உறிஞ்சி மேலே பீய்ச்சி விடுங்கள். தினம் இரண்டு மணி நேரம் போதும். பகலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் மேலே தாராளமாக ஆக்சிஜன் இருக்கும், கெட்ட தண்ணீர் கொஞ்சம் கலந்தாலும் தாங்கும். மழை வரும்போல இருந்தால் அன்றைக்குத் தீவனம், சாணம், யூரியா எதுவும் போடாதீர்கள்.

தினமும் விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒன்பது மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. இது என்ன நோய்? (தஞ்சாவூர்)

நோய் இல்லை. பாசி பகலில் ஆக்சிஜன் விடும், ராத்திரியில் அதுவும் மீனைப் போலவே இழுக்கும். அதனால் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். கோடையில் ராத்திரித் தண்ணீரும் ஆறுவதில்லை என்பதால் நிலைமை இன்னும் மோசம். தீவனத்தைப் பாதியாக்குங்கள். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இருந்தால் பகலில் ஓட்டுவதை விட ராத்திரி 12 முதல் விடியும் வரை ஓட்டுங்கள். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், விரல் நுனி தெரியாத அளவுக்குப் பச்சையாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும்.

மீனுக்கு எத்தனை டிகிரி வரை தாங்கும்? ஒரு எண்ணாகச் சொல்லுங்கள். (கோயம்புத்தூர்)

ஒரே எண்ணாகச் சொன்னால் உங்களை ஏமாற்றுவதாகிவிடும். கட்லா, ரோகுவுக்கு 25 முதல் 32 டிகிரி சுகமான வரம்பு. ஜிலேபி மீன் (திலாப்பியா) 30 டிகிரியில் நன்றாக வளரும், ஆனால் 15, 16-க்குக் கீழே போனால் இரை எடுப்பதை நிறுத்திவிடும். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-இலிருந்து மீன்குஞ்சுப் பண்ணையில் வளர்க்கப்பட்டு வரும் டிரவுட் மீனுக்கு 20 டிகிரியைத் தாண்டினாலே சிரமம். அது சமவெளிக்கு இறங்கவே முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். அதே நீலகிரிக்கு 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டை குளிரையும் தாங்கிக்கொண்டது, வெயிலையும் தாங்கியது.

எண்ணை விட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகிவிடும். ஆனால் அதே பத்து டிகிரி ஏற்றத்தில் மீனின் மூச்சுத் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதாவது வரவு குறையும்போதே செலவு இரட்டிக்கிறது. வெயிலில் தண்ணீர் வற்றி, அதே மீன்கள் பாதித் தண்ணீரில் நெருங்கிக் கிடக்கும் நிலைமையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வைகாசியில் பாதி மீனைப் பிடித்து விற்றுவிடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

டெஸ்ட் கிட்டில் அம்மோனியா காலையிலும் மதியமும் ஒரே அளவுதான் காட்டுகிறது. ஆனால் மதியம் மட்டும் மீன் சோர்ந்துபோகிறது. (ஈரோடு)

அருமையான கவனிப்பு. கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் ஒரு பங்குதான் விஷம். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைத் தண்ணீரின் சூடும் காரத்தன்மையும் தீர்மானிக்கின்றன. பிஎச் (காரத்தன்மையைச் சொல்லும் எண்) 8, வெப்பம் 20 டிகிரி என்றால் சுமார் 4 சதவீதம். அதே பிஎச், 30 டிகிரி என்றால் 7, 8 சதவீதம். மதிய வெயிலில் பாசி வேலை செய்து பிஎச் 9-க்கு ஏறிவிட்டால் கிட்டத்தட்ட 45 சதவீதம். அளவு ஒன்றுதான், மதியம் அது பல மடங்கு கடுமையாகிறது. எனவே மதியம் 2 மணிக்கு பிஎச் பாருங்கள். அது ஏறியிருக்கும்போது சுண்ணாம்பு போடவே கூடாது, அது பிஎச்சை இன்னும் ஏற்றிவிடும். கோடையில் எல்லாச் சிக்கலுக்கும் சுண்ணாம்பு என்று கைநிறைய அள்ளி வீசுகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

மார்கழியில் விரால் மீன் உடம்பில் சிவப்புப் புண் வந்து, சதை குழியாகிவிடுகிறது. வருஷா வருஷம் இதே கதை. (திருவாரூர்)

இது குளிர் தொடங்கும்போது வரும் புண் நோய். இந்தியாவில் 1988-இல் முதலில் தென்பட்டது. அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற கிருமி காரணம். அடைமழை முடிந்து தண்ணீர் திடுமென்று குளிரும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகிவிடும், கிருமிக்கோ அந்தக் குளிர்தான் தோது. பக்கத்து வயல் தண்ணீர் உள்ளே வராமல் வரப்பைக் கட்டுங்கள். ஐப்பசியிலேயே பிஎச் பார்த்து, குறைவாக இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 40 கிலோ அளவில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுங்கள். நோய் வந்த பிறகு என்றால் புவனேஸ்வர் மத்திய நன்னீர் மீன்வள நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்கு ஒரு லிட்டர்.

கோடையில் மீன் பேன் மட்டும் இவ்வளவு பெருகுவது ஏன்? (மதுரை)

சூட்டில் அதன் முட்டை இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும், குளிரில் மாதக்கணக்காகும். பேன் கெட்டியான பரப்பில்தான் முட்டையிடும். மூங்கில் கழிகளை நட்டு, வாரம் ஒரு முறை பிடுங்கி வெயிலில் நன்றாகக் காயவிட்டுத் திரும்ப நடுங்கள். மருந்து வாங்கும் செலவில் பாதி குறையும்.

டொராண்டோவுக்கு வடக்கே இருக்கிறோம். பனி உருகியதும் சின்ன ஏரியில் செத்த மீன்கள் மிதந்தன. குளிரால் செத்தவையா? (கனடா)

குளிர் காரணமில்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் அந்த 4 டிகிரித் தண்ணீரில் மீன் நிம்மதியாக இருக்கும். பனிக்கட்டி மேல் வெண்பனி கனமாகப் படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, செடி ஆக்சிஜன் தராது, காற்றும் தொடாது. ஆழமில்லாத ஏரியில் மாசி, பங்குனிக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மீன் அப்போதே செத்திருக்கும். உங்கள் கண்ணுக்கு இப்போதுதான் தெரிகிறது. ஆனால் ஆடி வெயிலில் கெண்டை இனம் மட்டும் கூட்டமாகச் செத்தால் அது வேறு. 2007-இல் உங்கள் ஒன்டாரியோ மாகாணத்துக் கவார்த்தா ஏரிகளில் கெண்டைகளை மட்டும் கொன்றது கோய் ஹெர்ப்பீஸ் வைரஸ். அப்படிப் பார்த்தால் உடனே அரசுக்குத் தெரிவியுங்கள்.

விரலிகளை (விரல் அளவு மீன்குஞ்சுகளை) வாங்கி விட்ட அன்றே பாதி செத்துவிட்டன. பண்ணைக்காரர் நல்ல குஞ்சு என்றுதான் சத்தியம் செய்கிறார். (திண்டுக்கல்)

எத்தனை மணிக்கு விட்டீர்கள் என்று எழுதவில்லை. மதியம் என்றால் குஞ்சைக் குறை சொல்லாதீர்கள், பைத் தண்ணீரின் சூடும் குளத்தின் சூடும் வேறாக இருந்திருக்கும். குஞ்சு வந்த பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் குளத்தில் மிதக்கவிடுங்கள். பிறகு வாயைத் திறந்து, குளத்துத் தண்ணீரை ஒரு சொம்பு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொம்பு என்று சேருங்கள். உள்ளே கை விட்டால் பையும் குளமும் ஒரே சூடாகத் தெரிய வேண்டும். அதன் பிறகு பையைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமாகவே வெளியே நீந்திப் போகும். அடுத்த முறை காலை ஏழு மணிக்குள் விட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.